ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதைகளை வைத்துப் படிவம் ஒன்று, இரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். நான்கு வருடமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறை, சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம், 14 பிள்ளைகள். எல்லாருக்கும் 13, 14 வயது. பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வந்தவர்கள். இரண்டு பேர் படிவம் ஒன்றுக்கு முன் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள்.

எந்தக் கதையில் தொடங்குவது, இலக்கணத்தை அதற்குள் எப்படி நுழைப்பது என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இலக்கணத்தை நீங்கள் நுழைக்கவே வேண்டாம். கதையின் முடிச்சே ஒரு சொல்லிலோ ஒரு வாக்கியத்திலோ மாட்டிக்கொண்டிருக்கிற கதையாகப் பார்த்து எடுங்கள், போதும்.

நைஜீரியாவின் இக்போ மக்கள் சொல்லும் ஆமைக் கதை ஒன்று. ஊரில் பஞ்சம். பறவைகளுக்கு மட்டும் வானத்தில் விருந்து என்று அழைப்பு வருகிறது. ஆமை கெஞ்சிக் கூத்தாடி, ஒவ்வொரு பறவையிடமும் ஓர் இறகு வாங்கி ஒட்டிக்கொண்டு கூடவே கிளம்புகிறது. "பெரிய விருந்துக்குப் போகும்போது ஆளுக்கொரு புதுப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் முறை" என்று சொல்லி, தனக்கு 'ஆல் ஆஃப் யூ' என்று பெயர் வைத்துக்கொள்கிறது. சாப்பாடு வந்ததும் "இது யாருக்கு?" என்று கேட்கிறது. "ஃபார் ஆல் ஆஃப் யூ" என்கிறார்கள் வானத்தில் இருப்பவர்கள். "கேட்டீர்களா, என் பெயர்தானே!" என்று சொல்லிவிட்டு ஆமை முதலில் உட்கார்ந்து வயிறு முட்டத் தின்கிறது. பறவைகளுக்கு மிச்சம் மீதிதான்.

இந்தக் கதையை வீட்டில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ தமிழில் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அடுத்த வாரம் ஒரு பெண் வந்ததும் வராததுமாக, "டீச்சர், தமிழ்ல சொன்னா ஆமை மாட்டிக்குது" என்றாள். அவள் ஆமைக்கு 'நீங்கள் எல்லாரும்' என்று பெயர் வைத்திருக்கிறாள். விருந்து யாருக்கு என்று கேட்டால் 'உங்கள் எல்லாருக்கும்' என்றுதானே பதில் வரும்? பெயர் ஒன்று, பதில் வேறொன்று. "அது உன் பேரு இல்லையேன்னு பாட்டியே கேட்டுட்டாங்க டீச்சர்."

அன்று நான் எடுக்க நினைத்திருந்த பாடத்தை அப்படியே ஓரம் வைத்துவிட்டேன். வெண்பலகையில் ஒரு பக்கம் நீங்கள், உங்களை, உங்களுக்கு, உங்களால் என்று எழுதினேன். மறுபக்கம் யூ, யூ, ஃபார் யூ, பை யூ. இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தமிழில் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்வது ஆங்கிலத்தில் தனிச்சொல்லாகப் பிரிந்து முன்னால் வந்து நிற்கிறது, அதனால் அங்கே பெயர் குலையாமல் அப்படியே இருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். கடைசி வரிசைப் பையன் ஒருவன் மலாயில் போட்டுப் பார்த்தான்: 'கமு செமுவா', 'உந்தோக் கமு செமுவா'. "மலாய்லயும் ஆமை தப்பிச்சிடுது டீச்சர்!" ஃபார், பை போன்ற ப்ரெப்பொசிஷன் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள் இவர்கள். அதற்கு முந்திய மாதம் முழுக்க நான் பயிற்சித்தாள் அடித்துக் கொடுத்தும் நடக்காதது அந்த இருபது நிமிடத்தில் நடந்தது.

கதையின் பின்பாதி இன்னொரு பாடம். கோபம் கொண்ட பறவைகள் இறகுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பறந்துவிடுகின்றன. வானத்திலிருந்து குதிக்க வேண்டிய ஆமை, வீட்டில் இருக்கும் மெத்தென்ற பொருள்களை எல்லாம் வாசலில் போடும்படி மனைவியிடம் சொல்லச் சொல்லிக் கிளியை அனுப்புகிறது. கிளி போய்க் கெட்டியான பொருள்களைப் போடச் சொல்லிவிடுகிறது. ஆமை விழுந்து ஓடு சிதறி, அதை ஒட்டவைத்த அடையாளம்தான் இன்றும் அதன் முதுகில் இருக்கிறது. இதை நடித்துக் காட்டச் சொல்வேன். ஒருவர் ஆமை, ஒருவர் கிளி, ஒருவர் கதவுக்கு வெளியே மனைவி. முதலில் நல்ல கிளியாகச் சேதியை மாற்றாமல் கொண்டுபோக வேண்டும், அப்புறம்தான் பொல்லாத கிளி. ஒரு தடவை கிளி வெளியே போய் 'ப்ரிங் அவுட் மை பெட்' என்றான். மனைவியாக நின்றவள், "உன் கட்டில் எங்க வீட்டுல ஏன் இருக்கு?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. மை என்பது சேதி கொண்டுபோகிறவர் வாயில் ஹிஸ் ஆக மாற வேண்டும் என்பதை அதற்குப் பிறகு அவர்களில் ஒருவர்கூட மறக்கவில்லை.

கானாவின் அசாந்தி மக்களுடைய அனான்சி என்ற சிலந்தியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகத்துக் கதைகள் எல்லாம் வானக் கடவுள் நியாமேயிடம் இருக்கின்றன. அவற்றை வாங்கப் போகிறான் அனான்சி. அவற்றுக்கு விலையாக மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக்கூட்டம், காட்டுத் தேவதை என்று நான்கையும் உயிரோடு பிடித்துவரச் சொல்கிறார். யோசனை சொல்பவள் அனான்சியின் மனைவி அசோ. மலைப்பாம்பிடம் போய், நீ இந்தப் பனைமட்டையைவிட நீளமா குட்டையா என்று எனக்கும் மனைவிக்கும் சண்டை என்கிறான் அனான்சி. அளந்து பார்க்கலாம் வா என்று படுக்கவைத்து மட்டையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறான். லாங்கர் தேன், ஷார்ட்டர் தேன், ஆஸ் லாங் ஆஸ் எல்லாம் அந்த ஒரு சண்டைக்குள் இருக்கிறது. வகுப்பில் ஒரு நீளக் கயிறும் ஒரு துடைப்பக்கட்டையும் போதும்.

வினைச்சொல்லின் காலம் பற்றி ஒன்று. நம் பிள்ளைகள் 'ஐ ஆல்ரெடி ஈட்' என்று எழுதுவது 'சுடா மாக்கான்' என்ற மலாய்ப் பழக்கத்தில். மலாயில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது, பக்கத்தில் ஒரு சொல் சேர்ந்துகொள்ளும். தமிழில் சாப்பிடுகிறேன், சாப்பிட்டேன் என்று வினைக்குள்ளேயே மாறுகிறது, ஆங்கிலமும் அப்படித்தான். 'ஏ', 'தி' கூடத் தமிழ்க்கதையில் இருக்கிறது. "ஒரு ஊர்ல ஒரு ஆமை இருந்துச்சு, அந்த ஆமை..." என்று நம் பாட்டிமார் சொல்வதில் ஒரு வரும் இடமும் அந்த வரும் இடமும் பெரும்பாலும் அதுதான். தமிழ் தெரிந்திருப்பது ஆங்கிலத்துக்குத் தடை என்று வீட்டிலும் வெளியிலும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அவர்களுடைய தமிழே இந்த இடத்தில் கைகொடுக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். தாளைக் கொடுக்காமல் வாயால் தொடங்குங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலிக் கதைசொல்லி 'பாவுக்வா!' என்பார். கேட்பவர்கள் 'பாக்காவா!' என்று பதில் சொன்ன பிறகுதான் கதை வரும். நானும் அப்படியே தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் வாய் திறக்கவே கூச்சப்படும் பிள்ளை, யாருக்கும் தெரியாத ஒரு மொழிச் சொல்லை எல்லாரோடும் சேர்ந்து கத்தும்போது கூச்சம் பாதி போய்விடுகிறது. முதல் கதையாக அந்தச் சுவாஹிலி மக்களின் குரங்கும் சுறாவும் கதையையே எடுக்கலாம். சுல்தானின் நோய்க்குக் குரங்கின் இதயம் வேண்டும் என்று சுறா முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறது, இதயத்தை மரத்திலேயே விட்டுவிட்டு வந்தேன் என்கிறது குரங்கு. பாதியிலேயே "இது நாவல் மரத்துக் குரங்கு, முதலை கதை!" என்று கூச்சல் கிளம்பும். கதை தெரிந்திருப்பதால் ஆங்கிலம் பயமுறுத்தாது.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். முதல் வருடம் நான் 'ஆப்பிரிக்கக் கதைகள்' என்று ஒரே தலைப்புப் போட்டு எல்லாவற்றையும் கலந்து கொடுத்தேன். அது தவறு. 54 நாடுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள கண்டம் அது. எந்த மக்கள், எந்த நாடு என்று சொல்லாமல் இப்போது எந்தக் கதையையும் தொடங்குவதில்லை. அந்த முதல் வகுப்பில், ஆப்பிரிக்கா என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது என்று கேட்டேன். காடு, சிங்கம், பசி என்றார்கள். அப்புறம் ஒருவன் பக்கத்தில் இருந்தவனின் நிறத்தைக் காட்டி ஒன்று சொன்னான். சிலர் சிரித்தார்கள். சொல்லப்பட்ட பையன் குனிந்து பென்சிலைச் சீவ ஆரம்பித்தான். பள்ளியிலும் அவன் அதைக் கேட்டுக்கொண்டிருப்பவன்தான் என்று பிறகு தெரிந்தது. நம் பிள்ளைகள் வெளியே வாங்கும் அடியை உள்ளே ஒருவர்மேல் ஒருவர் இறக்குவது எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பேச்சு இந்த அறையில் கூடாது என்று அன்றே கறாராகச் சொல்லி, பெற்றோரிடமும் பேசினேன். அடுத்த வாரம் வரைபடத்தை விரித்துக் கானாவைக் காட்டினேன். அவர்கள் சுதந்திரம் பெற்றது 1957 மார்ச் 6, மலாயா பெற்றது அதே 1957 ஆகஸ்ட் 31. "நம்மளவிட அவங்க பெரியவங்களா டீச்சர்?" என்று கேட்டவன், முந்திய வாரம் சிரித்தவர்களில் ஒருவன்.

கதைகளுக்கு, ராட்ரே என்பவர் அசாந்தி மக்களிடம் கேட்டு அவர்கள் மொழியிலும் ஆங்கிலத்திலுமாக 1930இல் வெளியிட்ட தொகுப்பு எனக்கு உதவியாக இருக்கிறது. நடை பழையது. நானே சின்னச் சின்ன வாக்கியங்களாக மாற்றிக்கொள்கிறேன். ஒரு கதைக்கு மூன்று வாரம் கொடுங்கள்: ஒரு வாரம் கேட்க, ஒரு வாரம் நடிக்க, ஒரு வாரம் எழுத.

அனான்சி காட்டுத் தேவதையைப் பிடிக்கும் பகுதியைக் கடைசியாக வையுங்கள். ஒரு மரப்பொம்மை செய்து, மரத்தைக் கீறி எடுத்த பிசினை அதன் மேலெல்லாம் பூசி, கையில் பிசைந்த கிழங்கை வைத்துவிட்டுக் காத்திருப்பான். தேவதை தின்றுவிட்டு நன்றி சொல்லும், பொம்மை பதில் பேசாது, கோபத்தில் அறையும், கை ஒட்டிக்கொள்ளும். இந்த இடத்தில் 'டேப்' என்ற சொல்லை எழுதி அர்த்தம் கேட்டேன். தண்ணீர்க் குழாய் என்றார்கள். எப்போதும் பேசாத ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கினாள். அவள் பாட்டி கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். "பால் கையில காய்ஞ்சா தோல் மாதிரி உரிச்சு எடுக்கணும்னு பாட்டி சொல்வாங்க டீச்சர்" என்று தமிழில் தொடங்கி, நிறுத்தி, ஆங்கிலத்தில் சொன்னாள்: "மை க்ராண்ட்மதர் டேப்ட் ரப்பர்." டேப்ட். அந்த 'ட்' தெளிவாகக் கேட்டது.