டீக்கடைக் கழுவுநீரும் உங்கள் கட்லாவும்

அண்ணே, தக்கலைப் பக்கம் உங்கள் 20 சென்ட் குளத்தில் டீக்கடைக் கழுவுநீர் இறங்குகிறது, விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறக்கின்றன, காஃபீன்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மீட்டர் ஆழம் என்றால் சுமார் 8 லட்சம் லிட்டர் தண்ணீர். கிளாஸுக்கு 40 மில்லிகிராம் காஃபீன் என்று வைத்து 100 கிளாஸ் டீயை அப்படியே கவிழ்த்தாலும் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான் வரும், மீன் சாக அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு வேண்டும். அதற்காகக் காஃபீன் சாது என்றில்லை, ஆய்வகத்தில் அளவு கூடினால் ஜீப்ரா மீன்கள் பதற்றமாக நீந்துகின்றன, முட்டைக்குள் இருக்கும் குஞ்சின் இதயத்துடிப்பே மாறுகிறது.

உங்கள் குளத்தில் வில்லன் பால். பாலும் சீனியும் அழுகும்போது பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றுவிடும், ராத்திரியில் பாசியும் அதையே இழுக்கும், அதனால்தான் விடியலில் திணறல். காலை 5 மணிக்கு ஆக்சிஜன் அளந்து பாருங்கள், லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஆபத்து. இன்றைக்கே மோட்டார் போட்டுக் குளத்துத் தண்ணீரையே மேலிருந்து தெறிக்க விடுங்கள், தீவனத்தை நிறுத்துங்கள், அப்புறம் கடைக்காரரிடம் பேசி அந்த ஓடையை வாழை மூட்டுக்குத் திருப்புங்கள். தேயிலைச் சக்கையும் அங்கேயே போகட்டும்.