அம்பாசிடரா, பிரீமியர் பத்மினியா: ஓட்டத்தில் எது மேல்?

1489 சிசி அம்பாசிடர், 1089 சிசி பத்மினி, இந்த இரண்டில் எது நன்றாக ஓடும் என்று கேட்டிருக்கிறீர்கள். சிசியை, அதாவது இன்ஜினின் கொள்ளளவை, மட்டும் பார்த்தால் அம்பாசிடர் என்று சொல்லத் தோன்றும். எடையையும் பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

அம்பாசிடரில் ஏறத்தாழ 50 குதிரைத்திறன், எடை 1,100 கிலோவுக்குச் சற்று மேல். பத்மினியில் 40 குதிரைத்திறன்தான், ஆனால் எடை 900 கிலோகூட இல்லை. வகுத்துப் பாருங்கள்: இரண்டுக்குமே டன்னுக்கு 45 குதிரைத்திறன் பக்கம் வரும். ஆக, ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்து கிளம்பினால் காகிதத்தில் சரிசமம்.

வித்தியாசம் இன்ஜினின் குணத்தில் இருக்கிறது. அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. அதன் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜினில் பிஸ்டன் விட்டம் 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 89. பத்மினி இத்தாலியின் பியட் 1100 வழி வந்தது. அதில் விட்டம் 68, ஸ்ட்ரோக் 75. ஸ்ட்ரோக் நீளமான அம்பாசிடர் குறைந்த வேகத்திலேயே இழுக்கும், விரட்டினால் முனகும். பியட்டை விரட்டினால்தான் அதற்கு உற்சாகமே வரும். (பத்மினி என்று பேர் வைத்த பிறகும் எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, கடைசிவரை பியட்தான்.)

இப்போது ஐந்து பேரையும் பெட்டி படுக்கையையும் ஏற்றுங்கள், ஒரு 350 கிலோ. அம்பாசிடருக்கு டன்னுக்கு 34, பியட்டுக்கு 32 என்று ஆகும். இரண்டு புள்ளிதானே என்று நினைக்கலாம். ஏற்றத்தில் தெரியும். அம்பாசிடர் மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டாவது ஏறும் இடத்தில், பியட்காரர் ஸ்டீயரிங் பக்கத்துக் கியரை இரண்டுக்குத் தள்ளியிருப்பார். கல்யாணக் கூட்டத்துக்கும் வாடகைக்கும் அம்பாசிடரையே தேடியதற்கு இடவசதி ஒரு காரணம், இந்த இழுவை இன்னொரு காரணம்.

அதற்காக அம்பாசிடர் மலையில் சமர்த்து என்று சொல்ல மாட்டேன். வெயில் காலத்தில் பெட்ரோல் பம்பு சூடேறி, பெட்ரோல் ஆவியாகி நின்றுவிடும். பானட்டைத் திறந்து பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஓட்டும் சுகம் என்றால் எனக்குப் பியட்தான். எங்கள் வீட்டில் அம்பாசிடர் இருந்தது, மாமா வீட்டில் பியட். மாமா வண்டியை ஓட்டிவிட்டு நம் வண்டியில் ஏறினால் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுவது போல இருக்கும். குலுக்கலைத் தாங்க பியட்டின் முன்பக்கம் காயில் ஸ்பிரிங், அம்பாசிடரில் டார்ஷன் பார் என்ற முறுகும் கம்பி. பின்பக்கம் இரண்டுக்குமே பட்டை ஸ்பிரிங்தான். ஆனால் குண்டும் குழியுமான ரோட்டில் 15 அங்குலச் சக்கரத்தோடு அம்பாசிடர் அலட்டாமல் போகும், பின் சீட்டில் இருப்பவர் தூங்கலாம். பிரேக் இரண்டிலும் டிரம், முன்கூட்டியே மிதித்துப் பழகுங்கள்.

வாங்கும் எண்ணம் இருந்தால், தனியாகவோ இருவராகவோ ஞாயிற்றுக்கிழமை ஓட்டப் பியட். குடும்பத்தோடு போக அம்பாசிடர், அதிலும் 90-களில் வந்த 1.8 லிட்டர் இசுசூ இன்ஜின் வண்டி கிடைத்தால் விடாதீர்கள். 75 குதிரைத்திறன், ஐந்து கியர். பியட் அதன் பக்கத்தில் வர முடியாது.