தலை தூக்குவதும் அண்டா தூக்குவதும்

அன்புள்ள ஐயா,

துருக்கி நாவல் ஒன்றை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலப் பிரதியில் ‘டிஃபை’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. மகன் தந்தையை, ஊர் வரிவசூல்காரனை, படைவீரர்கள் சுல்தானை என்று எல்லா இடத்திலும் ‘எதிர்த்தான்’, ‘எதிர்த்தனர்’ என்றே போட்டுவந்தேன். துருக்கி மொழி தெரிந்த நண்பர் மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டு, அங்கே நான்கு வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன என்கிறார்: இஸ்யான், பஷ்கல்திர்மக், கஃபா துத்மக், கஸான் கல்திர்மக். எல்லாவற்றுக்கும் ‘எதிர்த்தல்’ போதாதா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

போதாது. ‘எதிர்த்தல்’ கச்சிதமாகப் பொருந்தும் துருக்கிச் சொல் ஒன்று உண்டு. அது உங்கள் நண்பரின் பட்டியலில் இல்லை: கர்ஷி கெல்மெக். கெல்மெக் என்றால் வருதல், கர்ஷி என்றால் எதிர்ப்பக்கம். இஸ்தான்புல்காரர்கள் பாஸ்பரஸ் நீரிணையின் அக்கரையையும் ‘கர்ஷி’ என்றுதான் சொல்வார்கள். நம்மிடம் ‘எதிர்வீடு’, ‘எதிர்ப்பு’ இரண்டும் ஒரே சொல்லிலிருந்து வருவதைப் போலத்தான்.

ஆங்கிலம் வேறு வழியில் போகிறது. ‘டிஃபை’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்குள் இருப்பது விசுவாசத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். பிரபுவுக்குக் கொடுத்த விசுவாச வாக்கை ‘இனி இல்லை’ என்று திரும்ப எடுத்துக்கொள்வதே அதன் முதல் பொருள். 1215ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் ஜான் மன்னனிடம் செய்தது அதைத்தான். மன்னனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனம் அதற்குப் பிறகு வந்தது. ஆக, ஆங்கிலச் சொல்லுக்குள் ஓர் ஒப்பந்த முறிவு ஒளிந்திருக்கிறது. துருக்கிச் சொற்களில் பலவும் உடம்பிலிருந்து பிறந்தவை: தலை, கால், கழுத்து. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் ‘டிஃபை’ ஆக்கியபோது அந்த உடம்பு காணாமல் போய்விட்டது. நீங்கள் மீட்கவேண்டியது அதைத்தான், ஆனால் சொல்லுக்குச் சொல் அல்ல.

பஷ்கல்திர்மக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பஷ் தலை, கல்திர்மக் தூக்குதல். ‘தலைதூக்கினர்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும், எழுதாதீர்கள். தமிழில் தலைதூக்குவது சாதிவெறி, ரவுடித்தனம், தண்ணீர்ப் பஞ்சம். அந்த வினையைப் போட்ட மாத்திரத்தில் நீங்கள் அதிகாரியின் பக்கம் போய் நின்றுவிடுகிறீர்கள். ‘தலையெடுத்தான்’ என்றால் பிழைத்து முன்னுக்கு வந்தான் என்று பொருள், அதுவும் ஆகாது. ‘தலைநிமிர்ந்தனர்’ ஓரளவு நெருங்கும். ஊரே திரண்டு அரசை எதிர்க்கும் இடமானால் ‘கிளர்ந்தெழுந்தனர்’ நல்லது. கால் என்ற சொல்லிலிருந்து பிறந்த அயக்லன்மக், அதாவது எழுந்து காலில் நிற்பது, மூலத்தில் வந்தால் அதற்கும் இதுவே பொருந்தும்.

கஃபா துத்மக்கிலும் தலைதான், ‘தலை பிடித்தல்’. ஆனால் இது பேச்சுமொழி. ஒற்றை ஆள் தன்னைவிடப் பெரியவரிடம் முறைத்துக்கொண்டு நிற்பது. ‘அப்பாவிடம் மல்லுக்கு நின்றான்’ என்றால் போதும். யார் யாரிடம் முறைக்கிறார் என்று மூலத்தில் குழப்பம் வந்தால், நண்பரைப் பெயர்ச்சொல்லின் கடைசி எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்க்கப்படுகிறவருக்கு அ அல்லது எ என்று முடியும் நான்காம் வேற்றுமை உருபு ஒட்டியிருக்கும். இதுவரை சொன்ன வினைகள் எல்லாமே ‘கு’ கேட்பவை, நம் ‘அடிபணி’யைப் போல. ஆங்கில ‘டிஃபை’ கேட்பது ‘ஐ’. துருக்கி கற்கும் ஆங்கிலேயர் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது.

கஸான் கல்திர்மக்குக்கு மட்டும் கொஞ்சம் வரலாறு வேண்டும். கஸான் என்பது அண்டா. உஸ்மானியப் பேரரசின் ஜானிசரிப் படையில் ஒவ்வொரு பிரிவுக்கும் சொந்த அண்டா உண்டு. பிரிவின் தலைவருக்குப் பட்டமே ‘சோர்பஜி’, சூப்புக்காரர். சுல்தான் போடும் சோற்றைத் தின்பது விசுவாசம். சோற்றை மறுத்து, அண்டாவைக் கவிழ்த்தோ தூக்கிக்கொண்டோ இஸ்தான்புல்லின் இறைச்சிச் சதுக்கத்துக்குப் போனால் கலகம். கடைசியாக அப்படித் தூக்கியது 1826 ஜூனில். இரண்டாம் மஹ்மூத் படைக்குடியிருப்பின் மீது பீரங்கியால் சுட்டுப் படையையே ஒழித்தார். படை போய்விட்டது, சொல் தங்கிவிட்டது. கட்சிக்குள் ஒரு கோஷ்டி முரண்டு பிடித்தால்கூட அண்டா தூக்கியதாகவே சொல்வார்கள்.

உங்கள் நாவலின் காலம் 1826க்கு முந்தையது, பேசப்படுவது ஜானிசரிகளைப் பற்றி என்றால், அண்டாவை அப்படியே வைத்து, ‘சுல்தானின் சோறு வேண்டாம் என்று’ என்ற நான்கு சொற்களைச் சேர்த்துவிடுங்கள். அடிக்குறிப்பு தேவைப்படாது. தற்காலக் கதையானால் ‘போர்க்கொடி தூக்கினர்’. அங்கே அண்டாவை விட்டால் வாசகருக்குக் கல்யாணப் பந்தி நினைவுக்கு வரும், அல்லது பாத்திரத் திருட்டு.

ஆங்கிலத்தில் படைவீரர், கப்பலோட்டிகள் கலகத்துக்குத் தனிச்சொல் ‘மியூட்டினி’. அது அதிகாரியின் நாற்காலியிலிருந்து பார்த்துச் சொல்லும் சொல். 1806 வேலூரையும் 1857ஐயும் ஆங்கிலேயர் அப்படி அழைத்ததையும், நாம் ‘சிப்பாய்க் கலக’த்தை மெல்லப் ‘புரட்சி’யாக மாற்றிக்கொண்டதையும் நினைத்துப் பார்த்தால், சுல்தானின் வாயில் ‘கலகம்’ வரலாம், வீரனின் வாயில் வரக்கூடாது என்பது விளங்கும். (சிப்பாயும் துருக்கியின் ‘சிபாஹி’யும் ஒரே பாரசீகச் சொல்.)

மெய்தான் ஒகுமக் என்று எங்காவது வந்தால் அதற்கும் ‘எதிர்த்தல்’ வேண்டாம். மெய்தான் நம் மைதானமேதான். ஒகுமக் இன்று ‘படித்தல்’, பழைய பொருள் ‘கூப்பிடுதல்’. களத்துக்கு அழைப்பது. ‘அறைகூவல்’ என்ற நம் சொல்லிலும் கூவுதல் இருக்கிறது. ஆங்கிலப் பிரதியில் ‘வருணனையை டிஃபை செய்யும் அழகு’ என்று வந்தால் அது மூலத்தைத் தேடவேண்டிய இடமே அல்ல, ‘சொல்லி மாளாத அழகு’.

மீதி இருப்பது இஸ்யான். அரபியிலிருந்து வந்தது. அங்கே அது கீழ்ப்படியாமை, குறிப்பாகக் கடவுளின் கட்டளைக்கு. அதனால் துருக்கியில் அரசுக்கு எதிரான கிளர்ச்சியும் இஸ்யான், விதியை நொந்து புலம்புவதும் இஸ்யான். நாவலில் எங்காவது பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ஒரு கிழவி ‘இஸ்யான் எத்மே’ என்று சொல்கிறாளா என்று நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் அது ‘கலகம் செய்யாதே’ என்று வந்திருக்கக்கூடும். தமிழில் அவள் ‘ஆண்டவனை நோகாதே தாயி’ என்றுதான் சொல்வாள்.