கோச்சுகள் போடும் ஓட்டு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் வாராவாரம் வரும் 'கோச்சஸ் போல்' என்ற ரேங்க் பட்டியலைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. என் தகுதி இவ்வளவுதான்: இங்கே படித்த காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் செய்திப் பிரிவில் இரண்டு பருவம் பகுதிநேர வேலை பார்த்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ், புதிதாக வந்தவர்): யார் ஓட்டுப் போடுகிறார்கள்? எப்படி எண்ணுகிறார்கள்?

இங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்து, அதை முதலில் மனதில் வையுங்கள். மேல்மட்டத்தில் 130-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் இருக்கின்றன. ஒரு அணி வழக்கமான பருவத்தில் ஆடுவது 12 ஆட்டம். எல்லோரும் எல்லோருடனும் மோத வழியே இல்லை. அதனால் யார் பெரியவன் என்பதை ஓட்டுப் போட்டுத்தான் சொல்ல முடிகிறது.

பத்திரிகையாளர்கள் போடும் ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) பட்டியல் 1936-இல் தொடங்கியது. அதற்குப் போட்டியாக 1950-இல் யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனம் கோச்சுகளிடம் ஓட்டு வாங்க ஆரம்பித்தது. பிறகு அதன் பெயர் யுபிஐ ஆனது (ஜிபே நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல). 1991 முதல் யுஎஸ்ஏ டுடே வெளியிடுகிறது. ஓட்டாளர்களைத் தருவது அமெரிக்க ஃபுட்பால் கோச்சுகள் சங்கம். விருப்பம் தெரிவித்த தலைமைக் கோச்சுகளிலிருந்து கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் மோதும் அணிகளின் கூட்டம்) வாரியாகக் குலுக்கல் போட்டு அறுபது சொச்சம் பேரை எடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் 25 அணிகளை வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 24, இப்படியே இறங்கி 25-ஆம் இடத்துக்கு 1. கூட்டினால் பட்டியல் தயார்.

கேள்வி (ஹூஸ்டன்): சார், ஒரு கோச் மற்ற அணிகளின் ஆட்டத்தை எப்போது பார்ப்பார்?

பார்க்க மாட்டார். இதுதான் இந்தப் பட்டியலின் ஆணிவேர், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கினால் முடியப் பத்தரை, பதினொன்று. செய்தியாளர் சந்திப்பு, அப்புறம் பஸ், விமானம். வெளியூர் ஆட்டம் என்றால் வீடு சேர இரண்டு, மூன்று மணி. ஞாயிறு காலையில் தன் அணியின் ஆட்டத்தைப் பிளே பிளேயாகப் போட்டுப் பார்க்க வேண்டும், காயம் பட்டவர்களின் நிலவரம் கேட்க வேண்டும், அடுத்த எதிரியின் வீடியோவைத் தொடங்க வேண்டும். இதற்கு நடுவில் அதே ஞாயிறு காலையில் ஓட்டுச் சீட்டும் போய்ச் சேர வேண்டும். மதியம் பட்டியல் வந்துவிடும்.

நான் வேலை பார்த்த இடத்தில் நடந்தது இது. செய்திப் பிரிவு அதிகாரி போன வாரப் பட்டியலைத் திரையில் திறப்பார். தோற்ற அணியை நான்கைந்து இடம் கீழே தள்ளுவார், ஜெயித்தவர்களை அந்த இடைவெளிக்கு ஏற்றுவார். பிறகு கோச்சுக்குப் போன். "இவன்களை ஏன் இவ்வளவு மேலே வைத்திருக்கிறாய்?" என்று ஒரு அணி இறங்கும், "அந்தக் கோச் நம்ம ஆள்" என்று ஒன்று ஏறும். மொத்தம் ஐந்து நிமிடம். நான் காபி கொண்டுபோய் வைப்பதற்குள் முடிந்த வாரங்களும் உண்டு.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்து மெனக்கெடும் கோச்சுகளும் இருக்கிறார்கள். ஆனால் கோச் ஸ்டீவ் ஸ்பரியர் கதையைக் கேளுங்கள். 2009-இல் எஸ்இசி கான்ஃபரன்ஸின் கனவு அணிக்கான கோச்சுகள் வாக்கெடுப்பில் (ரேங்க் பட்டியல் அல்ல, இது வேறு) ஃபுளோரிடாவின் நட்சத்திர ஆட்டக்காரர் டிம் டீபோவை விட்டுவிட்ட ஒரே சீட்டு அவருடையது. விசாரித்தால், நிரப்பியது அவருடைய அலுவலக ஆள்! இதே ஸ்பரியர்தான் பருவத்துக்கு முந்தைய பட்டியலில் தவறாமல் டியூக் அணிக்கு 25-ஆம் இடம் கொடுத்துவந்தவர். ஒரு காலத்தில் அங்கே கோச்சாக இருந்த பாசம். டியூக் அந்தக் காலத்தில் எப்படி ஆடியது என்று தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும்.

கேள்வி (சார்லட்): பிளேஆஃப்புக்கு யார் போவது என்பதை இந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கிறதா?

இல்லை. பிளேஆஃப் என்பது பருவ முடிவில் பட்டத்துக்காகச் சிறந்த அணிகள் மோதும் சுற்று. 2014 பருவத்திலிருந்து அதற்கென்று 13 பேர் தேர்வுக் குழு தனியாக இருக்கிறது. அவர்கள் போடுவது தனிப் பட்டியல். ஆனால் 1998 முதல் 2013 பருவம் வரை இருந்த பிசிஎஸ் முறையில் (ஓட்டையும் கணினிக் கணக்கையும் சேர்த்து இறுதி ஆட்டத்துக்கு இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுத்த முறை) கோச்சுகள் ஓட்டு கணக்கில் சேர்ந்தது. 2004 முதல் மூன்றில் ஒரு பங்கு எடை அதற்கு.

கேள்வி (டென்வர்): தன் அணிக்குத் தானே ஓட்டுப் போடலாமா? அநியாயமாக இல்லை?

போடலாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. வெளியான சீட்டுகளை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கோச்சுகள் தம் அணியை மற்றவர்கள் வைப்பதைவிட மேலே வைக்கிறார்கள். தம் கான்ஃபரன்ஸ் அணிகளையும் தூக்குகிறார்கள். தாம் தோற்கடித்த அணிகளையும் தூக்குகிறார்கள், அதுதான் ருசியான பகுதி. நான் ஜெயித்தவன் பெரிய ஆள் என்றால் நான் அதைவிடப் பெரிய ஆள், இல்லையா? பருவ முடிவில் முதல் 25-க்குள் வந்தால் போனஸ் என்று பல கோச்சுகளின் ஒப்பந்தத்தில் இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி (ராலே): பிளேஆஃப் இடங்கள் இதை வைத்துத்தானே?

சார்லட்காரருக்குச் சொன்ன பதிலைப் படிக்கவும்.

கேள்வி (பே ஏரியா): 2004-இல் கலிஃபோர்னியா பெர்க்லிக்கு நடந்தது சதியா?

சதி என்று நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாதபடி இருந்ததுதான் பிரச்சினையே.

அந்த வருடம் பிசிஎஸ் வரிசையில் நான்காம் இடத்தைப் பிடித்தால் ரோஸ் பவுல் கிட்டத்தட்ட உறுதி ('பவுல்' என்பது வழக்கமான பருவம் முடிந்தபின் அழைப்பின் பேரில் நடக்கும் ஆட்டம், ரோஸ் பவுல் அதில் பெரியது). பெர்க்லி நான்கில், டெக்சஸ் ஐந்தில். பெர்க்லி கடைசியாக ரோஸ் பவுல் ஆடியது 1959-இல். டெக்சஸ் கோச் மாக் பிரவுன் எங்கள் அணியைக் கவனியுங்கள் என்று ஓட்டாளர்களிடம் வெளிப்படையாகவே கேட்டார். டிசம்பர் 4 அன்று பெர்க்லி சதர்ன் மிசிசிப்பியை 26-16 என்று வென்றது. டெக்சஸுக்கு அன்று ஆட்டமே இல்லை. மறுநாள் பார்த்தால் டெக்சஸ் நான்காம் இடத்தில்.

முந்தைய வாரம் எந்தக் கோச்சும் பெர்க்லியை ஆறுக்குக் கீழே வைக்கவில்லை. ஜெயித்த பிறகு நான்கு பேர் ஏழாம் இடத்திலும் இரண்டு பேர் எட்டாம் இடத்திலும் வைத்திருந்தார்கள். ஜெயித்ததற்குத் தண்டனை! யார் அந்த ஆறு பேர்? பெர்க்லி கோச் ஜெஃப் டெட்ஃபர்ட் சீட்டுகளை வெளியிடச் சொன்னார். அப்போது சீட்டு ரகசியம்.

அதன் பிறகு நடந்தவை முக்கியம். தன் பட்டியலை பிசிஎஸ் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஏபி விலகியது. கோச்சுகள் பட்டியலின் கூட்டாளியாக இருந்த ஈஎஸ்பிஎன் 2005-இல் விலகியது. எல்லா வாரச் சீட்டையும் திறக்கக் கோச்சுகள் சம்மதிக்கவில்லை. வழக்கமான பருவத்தின் கடைசிச் சீட்டை மட்டும் பெயரோடு வெளியிட ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே ஒரு எச்சரிக்கை: பெயரோடு வெளியாவது டிசம்பர் சீட்டு மட்டும்தான். அக்டோபரில் 'இன்ன கோச் போட்ட சீட்டு' என்று படம் சுற்றினால் நம்பாதீர்கள்.

நியாயத்துக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். டெக்சஸ் அந்த ரோஸ் பவுலில் மிச்சிகனை 38-37 என்று வென்றது. பெர்க்லி ஹாலிடே பவுலில் டெக்சஸ் டெக்கிடம் 45-31 என்று தோற்றது.

கேள்வி (ஆன் ஆர்பர்): 1997. மிச்சிகன் தோற்கவே இல்லை, முதலிடத்தில் இருந்தது, ரோஸ் பவுலிலும் ஜெயித்தது. கோச்சுகள் பட்டத்தை நெப்ராஸ்காவுக்குக் கொடுத்தது எந்த ஊர் நியாயம்?

யாராவது இதைக் கேட்பார்கள் என்று தெரியும். அப்போது இறுதி ஆட்டம் என்று ஒன்று கிடையாது, பருவ முடிவுப் பட்டியலில் முதலிடம் வந்த அணிக்கே பட்டம். இரண்டு அணியும் தோற்காதவை. மிச்சிகன் வாஷிங்டன் ஸ்டேட்டை 21-16 என்று வென்றது. மறுநாள் ஆரஞ்சு பவுலில் நெப்ராஸ்கா டென்னசியை 42-17 என்று உரித்தெடுத்தது. நெப்ராஸ்கா கோச் டாம் ஆஸ்போர்ன் ஓய்வு பெறுவதாக டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார், அது அவருடைய கடைசி ஆட்டம். ஓட்டுப் போட்டவர்கள் எல்லாம் அவருடைய சகாக்கள். ஏபி மிச்சிகன் என்றது, கோச்சுகள் நெப்ராஸ்கா என்றார்கள்.

(லிங்கன், நெப்ராஸ்கா அணியின் ஊர், குறுக்கே): அனுதாப ஓட்டு என்று கொச்சைப்படுத்த வேண்டாம். 25 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். அதைப் பார்த்துப் போட்ட ஓட்டு.

(ஆன் ஆர்பர்): அதே பருவத்தில் மிசூரியுடன் நீங்கள் ஆடிய ஆட்டத்தை மறந்துவிட்டீர்களா? காலால் உதைத்த பந்தைப் பிடித்துத்தானே தப்பித்தீர்கள்!

இருவரும் உட்காருங்கள். மிசூரியில் பந்து காலில் பட்டு எழும்பியது உண்மை, நடுவர்கள் அனுமதித்ததும் உண்மை, கூடுதல் நேரத்தில் 45-38 என்று முடிந்ததும் உண்மை. எனக்கு ஆட்டத்தைவிட எண்ணிக்கைதான் சுவாரசியம். 62 ஓட்டாளர்கள். முதலிட ஓட்டு நெப்ராஸ்காவுக்கு 32, மிச்சிகனுக்கு 30. எல்லோரும் மற்ற அணியை இரண்டாமிடத்தில் வைத்திருந்தால் வித்தியாசம் 2 புள்ளி வந்திருக்கும். வந்ததோ 4. நெப்ராஸ்காவுக்கு 1,520, அதாவது ஒரு புள்ளிகூடச் சிந்தவில்லை. மிச்சிகனுக்கு 1,516. ஆக, மிச்சிகனை இரண்டு பேர் மூன்றாமிடத்திலோ ஒருவர் நான்காமிடத்திலோ வைத்திருக்கிறார்கள். தோற்காத அணியை!

(லிங்கன்): அந்த 2 புள்ளி இல்லாவிட்டாலும் நாங்கள்தானே முதலிடம்?

ஆமாம். அதனால்தான் ஆன் ஆர்பர் நண்பர் அந்த இரண்டு புள்ளியைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டியதில்லை. ஒரே ஒரு கோச் மனம் மாறியிருந்தால் 31-31. அங்கே அந்த 2 புள்ளி பட்டத்தைத் தின்றிருக்கும்.

(அட்லாண்டா, புதிதாக நுழைந்து): 1990-ஐ யாரும் பேசமாட்டீர்களா?

ஜார்ஜியா டெக். ஏபி கொலராடோவுக்குக் கொடுத்தது, கோச்சுகள் பட்டியலில் ஒரே புள்ளியில் ஜார்ஜியா டெக். கொலராடோ அந்த வருடம் மிசூரியுடன் நடுவர்கள் தவறுதலாகக் கொடுத்த ஐந்தாவது டவுனில் (டவுன் என்றால் பந்தை முன்னேற்றும் முயற்சி, விதிப்படி நான்குதான்) ஜெயித்தது. மிசூரிக்குப் பாவம், எல்லா வழக்கிலும் அவர்கள்தான் சாட்சி. போதும், அடுத்தது.

கேள்வி (சிகாகோ): ஒருவராவது ஓட்டுப் போட மறுத்ததுண்டா?

உண்டு. 2006 டிசம்பரில் ஒஹாயோ ஸ்டேட் முதலிடம். இறுதி ஆட்டத்தில் எதிரியாக வரப்போவது ஃபுளோரிடாவா மிச்சிகனா என்று கேள்வி. அவர்களுடைய கோச் ஜிம் ட்ரெஸல் கடைசிச் சீட்டைப் போடாமல் ஒதுங்கினார். தன் எதிரியைத் தானே தேர்ந்தெடுப்பது சரியில்லை என்று. ஃபுளோரிடா வந்து 41-14 என்று அடித்துப் போட்டது.

கேள்வி (டாலஸ்): பவுல் ஆட்டங்களுக்கு முன்பே பட்டம் கொடுத்தார்கள் என்கிறார்களே?

1973 வரை கோச்சுகள் பட்டியலில் அப்படித்தான். அந்த வருடம் அலபாமாவுக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள், அது சுகர் பவுலில் நோட்டர் டேமிடம் 24-23 என்று தோற்றது. 1964, 1965, 1970-லும் பட்டம் வாங்கிய அணி பிறகு தோற்றிருக்கிறது. 1974-இல்தான் புத்தி வந்தது.

கேள்வி (சான் ஆன்டோனியோ): பிசிஎஸ் காலத்தில் இறுதி ஆட்டத்தில் ஜெயித்தவருக்கே போட வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததாமே?

இருந்தது. 2003 பருவத்தில் இறுதி ஆட்டத்தில் ஜெயித்தது எல்எஸ்யு. ஆனாலும் மூன்று கோச்சுகள் யுஎஸ்சிக்குப் போட்டார்கள். முதலிட ஓட்டு 60-3.

கேள்வி (கொலம்பஸ்): 2012-இல் 12 ஆட்டமும் ஜெயித்த எங்கள் ஒஹாயோ ஸ்டேட் அணி ஏன் பட்டியலிலேயே இல்லை?

விதிமீறலுக்காகப் பவுல் ஆடத் தடை வாங்கியிருந்த அணிக்குக் கோச்சுகள் பட்டியலில் இடமில்லை. ஏபி மூன்றாமிடம் கொடுத்தது.

கேள்வி (டாம்பா): அண்ணா, பிளேஆஃப்புக்கு இந்தப் பட்டியல்…

இல்லை, இல்லை, இல்லை.

கேள்வி (நாஷ்வில்): இதை வைத்துப் பந்தயம் கட்டலாமா?

காபி கொண்டுபோனவனிடம் கேட்கிறீர்கள். வேண்டாம்.

கேள்வி (ஆன் ஆர்பர், மறுபடியும்): மிச்சிகனைக் கீழே தள்ளியவர் யாரென்று காட்டும் சீட்டின் படம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது. அனுப்பட்டுமா?

1997-இல் சீட்டு ரகசியம் தம்பி. படத்தில் தேதி இருக்கிறதா?

(ஆன் ஆர்பர்): இருக்கிறது. அக்டோபர் 12.

லிங்கன் நண்பருக்கு அனுப்புங்கள், அவராவது சிரிக்கட்டும்.