‘பேரன்’ என்றால் யார்?

கேள்வி: எனக்கு 41 வயது. ரொறன்ரோவில் இருக்கிறேன். மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். மூன்றாவது தலைமுறையிலேயே நின்றுவிட்டோம். 1976இல் வீரகேசரியில் வந்த என் அப்பப்பாவின் மரண அறிவித்தல் ஒன்று, கீழ்ப்பாதி கிழிந்தபடி கையில் இருக்கிறது. அவருடைய தகப்பன், அதாவது என் பூட்டன், மலாயாவில் ரயில்வேயில் வேலை செய்து பென்சனோடு யாழ்ப்பாணம் திரும்பி, ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் செத்தார் என்று மட்டும் தெரியும். அம்மா பக்கத்துப் பூட்டன் ஒருவர் கிறிஸ்தவர். அவருடைய கல்லறையைத் தம்பி படமெடுத்து அனுப்பினான், எழுத்து பாதி அழிந்துவிட்டது. எங்கே தொடங்குவது? ஊரிலிருக்கும் அத்தையைக் கேட்டால், “செத்த ஆக்களைக் கிளறி என்ன காணப்போறாய்?” என்கிறார்.

பதில்: கல்லறையை இப்போதைக்கு விடுங்கள். அந்தக் கிழிந்த பேப்பர் துண்டை எடுத்து மேசையில் வையுங்கள். எங்கள் மரண அறிவித்தல்களைப் போல உறவுமுறையை அடுக்கிச் சொல்கிற எழுத்து வேறு எங்கும் இருக்குமோ தெரியாது. ஆனால் நாங்கள் அதை வாசிப்பதில்லை. பெயரையும் படத்தையும் பார்த்து “அட, இவரா” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பதைப் பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். “சுழிபுரத்தைப் பிறப்பிடமாகவும் கொக்குவிலை வதிவிடமாகவும் கொண்ட கந்தையா செல்லத்துரை அவர்கள்...” இந்த ஒரு வரியிலேயே மூன்று செய்தி இருக்கிறது. முதற்பெயர் தகப்பனுடையது, ஆகவே உங்கள் பூட்டன் கந்தையா. பிறந்த ஊர் சுழிபுரம், ஆகவே பூட்டன் குடும்பம் நடத்திய வீட்டைத் தேட வேண்டியது அங்கே. மூன்றாவதைத்தான் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் தவறவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் கல்யாணம் கட்டிய ஆண் பெரும்பாலும் பெண்ணின் சீதன வீட்டுக்குத்தான் போவான். எனவே அந்த வதிவிடம் அப்பம்மாவின் ஊராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதே கணக்கைப் பூட்டனுக்கும் போடுங்கள். சுழிபுரம் பூட்டியின் ஊராக இருக்கலாம், பூட்டன் வேறெங்கோ பிறந்திருக்கலாம்.

அடுத்த வரி: “அன்னார் காலஞ்சென்ற கந்தையா, சின்னாச்சி தம்பதிகளின் அன்பு மகனும், காலஞ்சென்றவர்களான...” என்று போகிறது. ‘காலஞ்சென்ற’ என்பதையும் ‘காலஞ்சென்றவர்களான’ என்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதலாவது ஒருமை, கந்தையாவோடு நின்றுவிடுகிறது. அப்படியானால் 1976இல் சின்னாச்சிப் பூட்டி உயிரோடு இருந்திருக்கிறார். மாமன் மாமி இருவரும் போய்விட்டதால் அங்கே பன்மை. அச்சுக்கோத்தவர் கவனமில்லாமலும் போட்டிருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஆனால் அப்பப்பாவின் சகோதரர் யாராவது 1980களில் இறந்து, அந்த அறிவித்தலில் பன்மை இருந்தால், பூட்டி இறந்த காலம் இரண்டு பேப்பருக்கும் நடுவே அகப்பட்டுவிடும். ஒரு அறிவித்தலோடு நிற்காமல் அப்பப்பாவின் கூடப்பிறந்த எல்லோருடையதையும் தேடச் சொல்வது இதற்காகத்தான்.

கிழிந்த இடத்துக்கு மேலே “...ஆகியோரின் அன்புப் பேரனும்” என்று ஒரு துண்டு வரி தெரிகிறது. அந்தப் பெயர்களுக்கு எதிரே நீங்கள் ‘தாத்தாக்கள்?’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. எங்கள் வழக்கில் பேரன் என்றால் தாத்தாதான். அப்பப்பாதான் பேரன், அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் பேரப்பிள்ளைகள். கிழியாத பிரதி கிடைத்தால் உங்கள் ஒன்றுவிட்ட உறவுகள் எத்தனை பேர் அதில் வரிசையாக நிற்பார்கள் என்று பாருங்கள். ‘மருமகன்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும், மகளின் கணவனுக்கும் அதுதான், சகோதரி மகனுக்கும் அதுதான். ‘சகலன்’ வந்தால் பிரச்சினை இல்லை, மனைவியின் சகோதரியுடைய கணவர். பிள்ளைகளின் பெயர்கள் பெரும்பாலும் வயது வரிசையில் வரும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஊரும் உத்தியோகமும், யாரிடம் அடுத்ததாகத் தொலைபேசியில் பேசலாம் என்பதற்கான குறிப்பு.

முழுப் பிரதிக்கு எங்கே போவது? வீரகேசரி 1930இலிருந்து வருகிறது. பழைய தொகுப்புகளைக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். இறந்த திகதி தெரிந்தால் அன்றிலிருந்து நாலைந்து நாளுக்குள் அறிவித்தல் வந்திருக்கும். அது அகப்படாவிட்டால் 31ஆம் நாள் நினைவஞ்சலியைப் பாருங்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலியும் இருக்கலாம், ஆனால் அது திதிப்படி வருவதால் ஆங்கிலத் திகதியோடு ஒத்துவராது. பதினொரு நாள் முந்தியோ, அதிக மாதம் (சந்திரக் கணக்கில் கூடுதலாகச் சேரும் மாதம்) வந்த ஆண்டானால் மூன்று கிழமை அளவுக்குப் பிந்தியோ வரும். அதே திகதியில் மட்டும் தேடிவிட்டு ‘இல்லை’ என்று எழும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்துப் பேப்பர் என்றால் கொஞ்சம் மனதைத் தேற்றிக்கொண்டுதான் தேட வேண்டும். 1981 மே 31 இரவு தொடங்கிய அந்த எரிப்பில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் போனது. மிச்சமிருப்பதில் ஒரு பகுதியை இணையத்தில் ‘நூலகம்’ என்ற நிறுவனம் ஏற்றி வைத்திருக்கிறது. பழைய இதழ்களோடு நினைவு மலர்களும் அங்கே இருக்கின்றன. முதலில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், ஆளின் பெயரைப் பிறகு பார்க்கலாம்.

நினைவு மலர் என்றதும்தான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கந்தையாப் பூட்டன் சைவர். தகனம் செய்திருப்பார்கள், கல்லறை இருக்காது. ஆனால் அவருக்கு ஒரு ‘கல்வெட்டு’ இருந்திருக்கலாம். கல்லில் வெட்டியதைச் சொல்லவில்லை. அந்தியேட்டியன்று (31ஆம் நாள் கிரியையன்று) வந்தவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகத்தையும் நாங்கள் கல்வெட்டு என்றுதானே சொல்கிறோம். முன்னால் தேவாரம், நடுவில் வம்ச வரலாறு, பிறகு ஆளாளுக்குப் புலம்பல். புலம்பலைத் தாண்டிப் போய்விடலாம். (உண்மையில் பலது ஒரே புலவர் எழுதியது போலவே இருக்கும், பெயர் மட்டும் மாறும்.) வம்ச வரலாற்றுப் பக்கத்தையும் திதி வெண்பாவையும் மட்டும் விடாதீர்கள்.

திதி வெண்பா என்பது இறந்த நாளைச் சொல்லும் செய்யுள். அதில் ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி நான்கும் இருக்கும். “தாரண வருடம், தை, பூர்வபக்கத் தசமி”, அதாவது வளர்பிறைத் தசமி, என்று வைத்துக்கொள்வோம். தாரண அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும்: 1884, 1944, 2004. மலாயா பென்சன்காரர் என்றால் 1944தான். இந்த இடத்தில்தான் நான் ஒருமுறை வழுக்கினேன். என் தாய்வழிப் பேரனுக்கு இதே தாரணத் தை. 1944 ஜனவரி என்று எழுதிக் கொடுத்து, பதிவேட்டைத் தேடியவர்கள் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவையும் அதே பதில். அவர்கள் மேல் எனக்குப் பொல்லாத கோபம். கடைசியில் பிழை என்னுடையது. தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது. தாரணச் சித்திரை 1944 ஏப்ரல் என்றால், தாரணத் தை 1945 ஜனவரி நடுவில்தான் தொடங்கும். அந்த ஆண்டு ஜனவரி 14இல் அமாவாசை, அங்கிருந்து எண்ணினால் பூர்வபக்கத் தசமி 23ஆம் திகதியை ஒட்டி வரும். அந்தத் திகதியைக் கொடுத்ததும் மரணப் பதிவு கிடைத்தது. பழைய பஞ்சாங்கம் கையில் இருந்தால் இன்னும் சுகம்.

மலாயா பக்கத்தையும் பாருங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகச் சபை அந்தக் காலத்துப் பத்திரிகைகளை இணையத்தில் வைத்திருக்கிறது, தேடலாம். ஆனால் 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்து 1945 செப்டெம்பர் வரை அவர்கள் ஆட்சி. அந்த இடைவெளியில் யாழ்ப்பாணத்தில் நடந்த சாவு அங்கே அச்சேறியிருக்குமென்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் பூட்டனை அங்கே உயிரோடு தேடுங்கள்: இடமாற்றம், பிரியாவிடை விருந்து, ஓய்வு. பெயரை எழுதும் விதம்தான் தலையிடி. ஆங்கில எழுத்தில் கந்தையா என்பது கண்டையா, கண்டியா, கந்தியா என்று எப்படியும் வாசிக்கத்தக்கதாக இருக்கும். செல்லத்துரையைச் ‘சி’யிலும் தேட வேண்டும், ‘எஸ்’ஸிலும் தேட வேண்டும். முன்னால் நிற்கும் ஓரெழுத்துத்தான் பூட்டனுடைய தகப்பன். அதைக் கண்டால் குறித்து வையுங்கள், உங்கள் மகனின் மரத்தில் இன்னொரு கிளை அது.

இனிக் கல்லறை. தம்பி நட்டநடு மத்தியானத்தில் படமெடுத்திருக்கிறார். அந்த வெயிலில் எந்த எழுத்தும் தெரியாது. விடியப்புறமோ பொழுதுபடும் நேரமோ போகச் சொல்லுங்கள், வெயில் பக்கவாட்டில் விழுந்தால் குழிந்த எழுத்தில் நிழல் தங்கும். இருட்டினால் டோர்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாலும் அதே பலன். கம்பிப் பிரஷ், அசிட், சோக்கட்டி ஒன்றும் வேண்டாம். நல்ல தண்ணியும் மெல்லிய பிரஷும் போதும், கல் உதிர்ந்தால் அதுவும் கூடாது. நான்கு பக்கமும் படம் எடுக்கட்டும், அக்கம்பக்கத்துக் கல்லறைகளையும் சேர்த்து. சேமக்காலையில் உறவுக்காரர் அடுத்தடுத்துக் கிடப்பது வழக்கம்.

இப்போதைய படத்திலேயே “71ஆம் வயதில்” என்பது வாசிக்க முடிகிறது. அப்படியென்றால் 70 முடிந்து 71 நடந்துகொண்டிருந்தது. பிறந்த ஆண்டுக்கு 71ஐக் கழிக்காதீர்கள். கல் நட்டவர்கள் பல ஆண்டு கழித்து ஞாபகத்திலிருந்தும் வெட்டுவித்திருப்பார்கள். அதனால் கல்லைச் சாட்சியாக வையுங்கள், தீர்ப்பைக் கோயிற் பதிவேட்டில் கேளுங்கள். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு இருக்கும், போதகரிடம் மரியாதையாக முன்கூட்டியே எழுதிக் கேட்டால் காட்டுவார்கள்.

அந்தப் பூட்டனின் பெயர் வெள்ளைக்காரப் பெயராக இருக்கிறதென்று குழம்பியிருக்கிறீர்கள். அவர் கலப்பு இல்லை. அமெரிக்க மிஷன் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்த அமெரிக்கர்களின் பெயரை வைத்துவிடும் வழக்கம் இருந்தது. 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் நம்மூர்த் தமிழர்தான். அந்தப் பெயரால் தேடி முடித்தபின், பள்ளிக்கு முந்திய தமிழ்ப் பெயர் எது என்றும் தேட வேண்டியிருக்கும். அதற்குப் பழைய காணி உறுதிகள் (நிலப் பத்திரங்கள்) உதவும். உறுதியில் பெரும்பாலும் தகப்பன் பெயரையும் சேர்த்துத்தான் எழுதியிருப்பார்கள், சீதன உறுதியில் பெண்களின் பெயரும் இருக்கும்.

கடைசியாக அத்தை. அவருக்குப் பயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். மலாயாவில் இரண்டாவது குடும்பம், மதம் மாறியதால் முறிந்த பேச்சுவார்த்தை, சாதி விட்டுக் கட்டிய கல்யாணம் என்று எந்த வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கும். அறிவித்தலில் ஒரு மகனின் பெயர் இல்லாவிட்டால் அது அச்சுப் பிழையாக இருக்காது. அதையெல்லாம் அவரிடம் நேரே கேட்காதீர்கள். தெரிந்துகொண்டாலும் மகனின் பள்ளிக்கூட மரத்தில் போடாதீர்கள், உயிரோடிருப்பவர்களின் பெயரையும் திகதியையும் இணையத்தில் ஏற்றவும் வேண்டாம்.

தொலைபேசியில் “பூட்டனைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று கேட்டால் அவர் வாயை மூடிக்கொள்வார். “அத்தை, உங்கட அலுமாரியில பழைய கல்வெட்டுப் புத்தகங்கள் கிடக்கோ? கறையான் அரிக்க முந்தி ஒருக்காப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கோவன்” என்று கேட்டுப் பாருங்கள். புத்தகத்தைக் கையில் எடுத்தால் அவரே வாசிக்கத் தொடங்குவார். அப்போது ஃபோனில் பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டு, நடுவில் குறுக்கிடாமல் இருங்கள்.