வாசகர் கேள்வி – பதில்: தொலைநிலைக் கல்வி

கேள்வி: கட்டடமும் விடுதியும் தேவைப்படாது என்பதால், வளரும் நாடுகள் உயர்கல்வியைப் பரப்பத் தொலைநிலைக் கல்விதான் மலிவான வழி என்கிறார்களே?

பதில்: ஆள் சேர்ந்தால் மலிவு. சேராவிட்டால் தலைக்கு ஆகும் செலவு கல்லூரியையே மிஞ்சிவிடும். ஒரு பாடத்தை எழுதி, செப்பனிட்டு, சோதித்துப் பார்க்க ஆகும் செலவு, 500 பேர் படித்தாலும் 50,000 பேர் படித்தாலும் ஒன்றுதான். பாகிஸ்தானில் 1974, தாய்லாந்தில் 1978, இந்தியாவில் 1985 என்று தேசிய அளவில் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் வந்ததன் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. சறுக்கல் எங்கே என்றால், சில நூறு பேர் மட்டுமே சேரக்கூடிய பட்டங்களை வரிசையாக அறிவித்துவிட்டு, பணம் போதாதபோது, மாணவருக்குப் பாடத்தில் வழிகாட்டும் ஆலோசகர் ஊதியத்தில் கை வைப்பதில்தான். பாடநூலுக்கு ஒருமுறை செலவு செய்தால் போதும். ஆலோசகருக்கு ஒவ்வொரு மாணவர் கணக்கிலும் செலவு உண்டு. அதை வெட்டினால் மாணவருக்குக் கிடைப்பது அஞ்சலில் வரும் புத்தகக் கட்டு மட்டுமே.

கேள்வி: ஆர்வத்தோடு சேர்பவர்கள்கூட ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்?

பதில்: சோம்பல் என்று சொல்லிவிடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். பெரும்பாலும் தவறுவது நேரக் கணக்குதான். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழக முறையில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. 4 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். 20 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு 6 மணி. ஐந்து பாடங்களை ஒன்றாக எடுத்தால் வாரம் 30 மணி நேரம் வேண்டும். வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு இது எப்படிச் சாத்தியம்? விதி இடம் கொடுத்தால் முதல் பருவத்தில் இரண்டு பாடங்கள் போதும். இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் பதிவு செய்துவிட்டு, இரண்டுக்கு மட்டும் தேர்வு எழுதத் திட்டமிடலாம். 3 ஆண்டுப் பட்டத்தை முடிக்க 6 ஆண்டு வரை அவகாசம் தருவது இதற்காகத்தான்.

நிறுவனத்தின் பக்கமும் தவறு உண்டு. முதல் ஒப்படைப்பு (மாணவர் வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் பயிற்சித் தாள்) ஆறாவது வாரத்துக்குள் வர வேண்டும், சிறியதாக இருக்க வேண்டும். திருத்திய தாள், அடுத்த ஒப்படைப்பை எழுத உட்காரும் முன் மாணவர் கைக்குத் திரும்ப வேண்டும். தேர்வு முடிந்தபின் வரும் திருத்தத்தால் யாருக்கு என்ன பயன்? மதிப்பெண்ணும் ‘நன்று’ என்ற ஒற்றைச் சொல்லும் போதா. எந்தப் படியில் வாதம் பிசகியது, பாடநூலின் எந்தப் பகுதியை மறுபடி படிக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதினால் போதும். தனியாகப் படிப்பவருக்கு ஆசிரியர் கண்ணில் படுவது அந்த இரண்டு வரியில்தான். முதல் ஒப்படைப்பு வராத மாணவரை அந்த வாரமே தொலைபேசியில் அழைக்க ஒருவரை நியமிப்பது, புதிதாக ஆயிரம் பேரைச் சேர்க்கும் விளம்பரத்தைவிட மேலானது.

கேள்வி: இணையம் சரியாகக் கிடைக்காத பகுதிகளில் காணொளி வகுப்புகளை வைத்து என்ன செய்வது?

பதில்: காணொளியை மையமாக வைக்காதீர்கள். ஒரு மணி நேரக் காணொளி, நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் ஏறத்தாழ 225 எம்.பி. பிடிக்கும். அதே விரிவுரை 64 கிலோபிட் ஒலிப்பதிவாக இருந்தால் 29 எம்.பி.தான். அச்சிட்ட பாடமே முதுகெலும்பு, ஒலிப்பதிவு துணை. காணொளியோ பார்த்தே தீர வேண்டிய செய்முறைகளுக்கு மட்டும். எல்லாவற்றையும் படிப்பு மையத்தில் மெமரி கார்டில் ஏற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும்.

கேள்வி: அறிவியல் பாடங்களுக்கு ஆய்வகம்?

பதில்: பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சிறு நுண்ணோக்கி உட்பட ஆய்வுப் பெட்டியையே மாணவர் வீட்டுக்கு அனுப்பியது. அது முடியாத இடங்களில், கல்லூரி விடுமுறை நாட்களில் அங்குள்ள ஆய்வகங்களைப் பயன்படுத்தலாம். மொத்தச் செய்முறைகளையும் பருவ முடிவில் ஒரே வாரத்தில் திணிக்காமல், பாடத்தோடு ஒட்டி இரண்டு தவணையாக வையுங்கள்.

கேள்வி: ‘தபால் டிகிரி’ என்று இளக்காரமாகப் பேசுகிறார்களே?

பதில்: லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே, கல்லூரியில் சேராதவர்களுக்கும் தன் தேர்வுகளைத் திறந்துவிட்டது. எங்கே உட்கார்ந்து படித்தார் என்பதைவிட எந்தத் தேர்வில் தேறினார் என்பதே முக்கியம் என்ற கொள்கை அவ்வளவு பழையது. ஆகவே கல்லூரி மாணவருக்கும் தொலைநிலை மாணவருக்கும் ஒரே வினாத்தாள், திருத்துபவருக்கு யார் எவரென்று தெரியாத விடைத்தாள் என்ற ஏற்பாடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது. நீங்கள் சேரும் ஆண்டில், அந்தப் படிப்புக்கு, தொலைநிலை முறையில் நடத்த அனுமதி இருக்கிறதா என்று அங்கீகாரம் தரும் அமைப்பின் பட்டியலிலேயே பாருங்கள். கட்டணம் செலுத்தும் நாளில் அந்தப் பக்கத்தை அச்செடுத்து ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.