பையருக்கு 'இன்டிமேட்' என்று எழுதலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சாம்பிள் ஓகே ஆனதும் 'ப்ளீஸ் இன்டிமேட் அஸ்' என்று லண்டன் பையருக்கு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குகிறவருக்கு, எழுதினேன். அந்த வார்த்தையே வேண்டாம் என்கிறார் புது மேனேஜர். இன்ஃபார்ம், நோட்டிஃபை, டிஸ்க்ளோஸ், ரிவீல் என்று எதைப் பார்த்தாலும் அகராதியில் 'தெரிவி' என்றுதானே இருக்கிறது? எதை எங்கே போடுவது?

பதில்: மேனேஜர் சொல்வது சரி, ஆனால் நீங்கள் எழுதியதும் பெரிய தப்பு இல்லை. நம் ஊர் அலுவலகங்களில் இன்டிமேட் என்றால் முறைப்படி தெரிவிப்பது. வருமான வரித் துறை ரிட்டர்னைச் சரிபார்த்துவிட்டு அனுப்புகிற தாளுக்கே இன்டிமேஷன் என்றுதான் பெயர். ஸ்காட்லாந்து செய்தித்தாள்களில் பிறப்பு, இறப்பு அறிவிப்புகள் வரும் பகுதியையும் இன்டிமேஷன்ஸ் என்பார்கள். லண்டன்காரர் காதில்தான் அது வேறு மாதிரி விழும். வினைச்சொல்லாக வந்தால் அவருக்கு அது பெரும்பாலும் சாடைமாடையாகச் சொல்வது, சாம்பிள் ஓகேவா இல்லையா என்பதை எதற்குச் சாடையாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி விழிப்பார்.

அங்கே 'ப்ளீஸ் லெட் அஸ் நோ' போதும். அது மரியாதைக் குறைவு என்று நம் ஆட்களுக்கு ஒரு பயம், தேவையே இல்லாத பயம். இன்ஃபார்ம் அதைவிட ஒரு படி விறைப்பு, அவ்வளவுதான். ஆனால் 'இன்ஃபார்ம் டு ஹிம்' என்று எழுதாதீர்கள். நாம் 'அவருக்கு'த் தெரிவித்தே பழகியவர்கள், அந்த 'கு' போய் ஆங்கிலத்தில் 'டு'வாக உட்கார்ந்துகொள்கிறது. இன்ஃபார்முக்குப் பின்னால் ஆள் நேராக வர வேண்டும். எக்ஸ்ப்ளெயினுக்கு நேர்மாறு, அங்கே 'டு' கட்டாயம், அதை நாம் விட்டுவிட்டு 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்கிறோம்! அப்புறம், 'இன்ஃபார்ம் ஆன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது ஒருவரைப் போலீஸிடம் போட்டுக்கொடுப்பது.

நோட்டிஃபை என்றாலே விதி, ஒப்பந்தம், கெடு என்று ஏதோ ஒன்று பின்னால் நிற்கும். காசநோய் இந்தியாவில் 2012 முதல் 'நோட்டிஃபையபிள்', அதாவது தனியார் மருத்துவர் உட்பட யார் கண்டுபிடித்தாலும் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் தாமதத்தை இத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று இருந்தால் அங்கே இந்த வார்த்தையைப் போடுங்கள்.

டிஸ்க்ளோஸ், ரிவீல், டைவல்ஜ் மூன்றிலும் கவனம் வேண்டும், ஏனென்றால் மூன்றுமே இதுவரை மூடியிருந்த ஒன்று வெளியே வருவதைச் சொல்பவை. டெலிவரி முகவரியை 'டிஸ்க்ளோஸ்' பண்ணச் சொன்னால், ஏதோ அவர் ஒளித்து வைத்திருந்த மாதிரி ஆகிவிடும். டிஸ்க்ளோஸுக்குள் பெரும்பாலும் ஒரு கடமையும் இருக்கும்: தேர்தல் வேட்பாளர் பிரமாணப் பத்திரத்தில் சொத்தையும் வழக்கையும் காட்டுவது, பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி முக்கியத் தகவலைச் சந்தைக்குச் சொல்வது, எல்லாம் டிஸ்க்ளோஷர்தான். ரிவீலில் திரை விலகுகிற சுவாரசியம் உண்டு, அதனால்தான் சினிமாக்காரர்கள் அதை விடுவதில்லை. டைவல்ஜ் என்பது ரகசியத்தைக் கசியவிடுவது, 'சொல்லக் கூடாது' என்கிற வாக்கியத்தில்தான் அதிகம் பார்ப்பீர்கள். அப்ரைஸ் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் தெரிவிப்பதுதான், ஆனால் சம்பள அப்ரெய்சலோடு குழம்பும், விட்டுவிடுங்கள்.

ஷேர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஃபைல், போட்டோ, கருத்து, இதற்கெல்லாம் சரி. சரக்கு ஒரு வாரம் தாமதமாகும் என்பதை 'வுட் லைக் டு ஷேர்' என்று ஆரம்பித்தால், என்னமோ இனிப்பு கொடுக்கிற மாதிரி, பையருக்கு எரிச்சல்தான் வரும். அங்கே நேராக விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், 'தெரிவிக்கிறேன்' என்கிற வினைச்சொல்லே வேண்டாம்.

பழைய மெயிலுக்குத் திருத்தம் எல்லாம் அனுப்ப வேண்டாம். இந்தியாவோடு வியாபாரம் பண்ணுகிறவர் புரிந்துகொண்டிருப்பார், அடுத்த மெயிலில் மாற்றினால் போதும்.